புளிப்பு எங்கிருந்து வருகிறது?

(கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர் நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்திய உணவின் பன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். காஷ்மீரில் இது, குஜராத்தில் அது என்று தொடங்கினால் பதார்த்தங்களின் பெயர்களை ஒப்பிப்பதற்கே பொழுது போய்விடும். பெயர்ப் பட்டியலைக் கேட்டு யாருக்கும் நாக்கில் நீர் ஊறுவதில்லை. ஆகவே அறுசுவையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். புளிப்பு. இந்த மேசையில் ஆறு கிண்ணங்கள் வைத்திருக்கிறேன். ஆறிலும் இருப்பது புளிப்புப் பொருள்தான். ஆனால் நாம் அன்றாடம் கரைக்கும் புளி ஒரு கிண்ணத்தில் மட்டுமே இருக்கிறது. மற்ற ஐந்தும் எந்தெந்த மண்ணிலிருந்து வந்தவை என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏன் புளிப்பு என்று கேட்பீர்கள். உப்பு கடலோரத்தில் விளைந்து வண்டியேறி உள்நாட்டுக்குப் போனது. உமணர் என்ற உப்பு வணிகரின் வண்டித் தடத்தைச் சங்கப் பாடல்கள் முழுவதும் பார்க்கலாம். உறைப்புக்கு மிளகு இருந்தது. அது மலையிலிருந்து இறங்கிக் கப்பலேறி உலகமெல்லாம் சென்றது. இனிப்புக்கு வெல்லம் சந்தைக்குச் சந்தை பயணம் செய்தது. புளிப்பு அப்படியில்லை. ஒவ்வொரு ஊரும் தன் கொல்லையில் நின்ற மரத்தில், வேலியில் படர்ந்த கொடியில், மோர்ப்பானையில், கள்ளுக் கலயத்தில் தனக்கான புளிப்பைத் தேடிக்கொண்டது. அதனால் ஒரு மண்ணின் சமையலை அறிய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘உங்கள் குழம்புக்குப் புளிப்பு எங்கிருந்து வருகிறது?’ என்பதுதான் என்று நான் நம்புகிறேன். வங்கிப் பணியில் ஊர் ஊராக மாற்றலாகிப் போன முப்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பாடம் அது.

நம் புளியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவுமில்லை. மாசி, பங்குனியில் இந்த மாவட்டத்தின் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ‘டொக், டொக்’ என்று புளி தட்டும் ஓசை கேட்கும். உலுக்கிப் பொறுக்கிய பழத்தை வெயிலில் காயப்போட்டு, ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. என் அம்மா அதைக் கூலிக்குச் செய்தவர். அந்த இரண்டு மாதமும் அவருடைய கட்டைவிரல் நுனி கறுத்து வெடித்திருக்கும். சோற்றில் உப்புப் பட்டால் எரியும் என்று கரண்டியால் பிசைந்து சாப்பிடுவார். வீட்டுக்கென்று ஒதுக்கிய புளியில் கல்லுப்புச் சேர்த்து உருண்டை பிடித்து மண்பானையில் அடுக்கிவைப்பார். புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும், நாள்பட்டால் கறுக்கும். ரசத்துக்குப் புதுப்புளி, மீன் குழம்புக்குப் பழம்புளி என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இத்தனை உரிமையோடு நம் புளி என்று சொல்கிறோமே, அந்த மரம் ஆதியில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மிகப் பழங்காலத்திலேயே இங்கு வந்து வேரூன்றிவிட்டது. எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்றால், அரேபியர்கள் அதை இந்திய மரமென்றே எண்ணி ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயரிட்டார்கள். ஆங்கிலேயர் வழங்கும் ‘டாமரிண்ட்’ அந்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். வெளியூரிலிருந்து வந்து இந்த மண்ணுக்கே சொந்தமாகிப்போன ஒன்றுதான் நம் குழம்பின் அடித்தளம் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், புதிதாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் சமைக்கிறாள். கட்டித் தயிரைத் தன் மெல்லிய விரலால் பிசைகிறாள். விரலைத் துடைத்த சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல், தாளிப்புப் புகை கண்ணில் நிறையக் குழம்பு வைக்கிறாள். கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அந்தக் குழம்பைக் கவிஞர் ‘தீம்புளிப் பாகர்’ என்கிறார். அங்கே புளிப்பைக் கொடுத்தது தயிர். நம்முடைய மோர்க்குழம்பின் பாட்டி அவள் கையில் கொதித்துக்கொண்டிருந்தாள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தமிழில் ‘புளி’ என்பது மரத்தின் பெயர் மட்டுமன்று, சுவையின் பெயரும்கூட. நாம் மறந்துவிட்ட அகலம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

1989இல் எனக்கு முதல் வெளிமாநில மாற்றல் வந்தது. மகாராஷ்டிரக் கடற்கரையில் ரத்னகிரி. அம்மா மூன்று கிலோ புளியைத் துணியில் கட்டிக் கொடுத்தார். போன முதல் வாரம் மீன் வாங்கிப் புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். பக்கத்து வீட்டு மாமியார் எட்டிப் பார்த்தார். மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்தில் கறுத்துச் சுருங்கிய தோல் துண்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து, மீனுக்கு இதைப் போடு என்று கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் இந்த இரண்டாவது கிண்ணத்தில் இருக்கும் கோக்கம். அங்கே ‘ஆம்சூல்’ என்றும் சொல்வார்கள்.

நான்கைந்து துண்டை அப்படியே கொதிக்கும் குழம்பில் போட்டால் போதும். கரைக்க வேண்டாம், வடிகட்ட வேண்டாம். நம் புளி குழம்புக்குக் கனத்தையும் கருமையையும் கொடுக்கும். கோக்கம் அப்படிக் கனம் கூட்டாது. தேங்காயின் மணத்தை மறைக்காமல் பின்னால் நின்று புளிக்கும். அதன் சாற்றைத் தேங்காய்ப்பாலில் கலந்தால் இளஞ்சிவப்பில் ‘சோல் கடி’ என்ற பானம் கிடைக்கிறது. மீன் சாப்பாட்டின் முடிவில் அதைக் குடிப்பார்கள். கொங்கணத்து மனிதருக்கு அது நம் மோர். கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பைப் பித்தவெடிப்புக்குப் பூசுவார்கள்.

அடுத்த சித்திரை, வைகாசியில் அந்த வீட்டு முற்றத்தில் கோக்கம் தயாராவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பழத்தைப் பிளந்து தோலைத் தனியே எடுத்து, உள்ளிருக்கும் சாற்றில் உப்புப் போட்டு, அந்தச் சாற்றிலேயே தோலை ஊறவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். மறுபடி ஊறவைத்து மறுபடி காயவைப்பார்கள். நாளாக நாளாகத் தோல் சாற்றைக் குடித்துக் கறுத்துக்கொண்டே வரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே அவசரம். மழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். அப்போது எனக்கு அந்த அவசரத்தின் பொருள் முழுதாகப் புரியவில்லை. கேரளத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது கிண்ணத்தைப் பாருங்கள். குடம்புளி. முகர்ந்தால் அடுப்புப் புகையின் வாசம் அடிக்கும். கோக்கமும் குடம்புளியும் ஒரே இனத்து மரங்கள். தாவரவியலில் கார்சீனியா என்பார்கள். மங்குஸ்தான் பழமும் அதே இனம்தான். நம் பேச்சில் சொன்னால் மூவரும் பங்காளிகள். ஆனால் குடம்புளி மரத்தில் பழம் முற்றுவது நல்ல மழைக்காலத்தில். அந்த மழையில் வெயிலை எங்கே தேடுவது? அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் உலர்த்தினார்கள். மத்திய, தெற்குக் கேரளத்து மீன் குழம்பில் வரும் அந்தப் புகைவாசத்தைச் சமையல்காரரின் கைப்பக்குவம் என்று நான் எண்ணியிருந்தேன். அதைக் கொடுத்தது தென்மேற்குப் பருவமழை!

நான்காவது கிண்ணம் குடகிலிருந்து வந்தது. குடம்புளி மரமே குடகு மலையிலும் வளர்கிறது. அங்கே பழத்தை உலர்த்துவதில்லை. கூடையில் குவித்துவைத்துச் சாறு தானாகச் சொட்டவிட்டு, அந்தச் சாற்றைப் பாகுபோலக் கறுக்கும்வரை காய்ச்சுகிறார்கள். கச்சம்புளி என்று பெயர். குடகர்களின் பன்றிக்கறி வறுவல் அது இல்லாமல் நிறைவடையாது. ஒரே மரம், மலையின் இந்தப் பக்கம் புகையில் காய்ந்த தோல், அந்தப் பக்கம் பாட்டிலில் கறுப்புக் காடி, அதாவது வினிகர். இடையில் இருக்கும் தூரம் பஸ்ஸில் சில மணி நேரம்தான்.

உணவுப் பண்பாட்டின் வேர் என்று பெரிய சொல்லாகச் சொல்கிறோம். நான் கண்ட வேர் இதுதான். பழம் எந்த மாதம் பழுக்கிறது, அந்த மாதம் வெயிலா மழையா, விறகு இருக்கிறதா, உப்பு மலிவா என்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் ஊரின் பெண்களும் கண்டுபிடித்த விடை. அதைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மீனுக்கும் புளிப்புக்கும் இவ்வளவு நெருக்கம் ஏன் என்று மாணவர்கள் தெரிந்துகொள்ளலாம். மீனின் கவிச்சி வாடைக்குக் காரணம் அமீன் என்ற வகைச் சேர்மங்கள். அவை காரத்தன்மை உடையவை. அமிலம் அவற்றைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, வாடை அடங்குகிறது. அமிலம் மிகுந்த குழம்பு சீக்கிரம் கெடுவதும் இல்லை. நம் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், திராட்சையில் இருப்பதும் அதுதான். தயிரில் லாக்டிக், காடியில் அசிட்டிக். நாக்குக்கு எல்லாமே புளிப்பு என்றாலும் ஒவ்வொன்றும் நாக்கைத் தொடும் விதம் வேறு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளிபோட்டு விளக்கியவர்களுக்கு அமிலத்தின் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை.

1996இல் அசாமில் ஜோர்ஹாட். உடன் பணியாற்றிய ஒருவரின் வீட்டில் மதிய உணவு. முதலில் சோற்றோடு ஒரு கறி வந்தது. உறைப்பு இல்லை, புளிப்பு இல்லை, வழவழவென்று ஒரு மண்ணின் சுவை. எனக்குப் பிடிபடவே இல்லை. அதற்குக் ‘கார்’ என்று பெயர். வாழைப்பழத் தோலைக் காயவைத்து எரித்து, சாம்பலில் நீர் ஊற்றி வடித்தெடுக்கும் தெளிவில் சமைப்பது. கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் உப்பு அரிதாக இருந்த நாட்களின் ஏற்பாடு அது என்றார் வீட்டுக்காரர். ‘க்ஷார’ என்ற வடசொல்லின் வடிவம்தான் இந்தக் ‘கார்’. நாமும் அதே சொல்லைத்தான் காரம் என்று வேதியியல் பாடத்தில் படிக்கிறோம். ‘கார் உண்ணும் அசாமியர்’ என்று அவர்கள் தங்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டின் முடிவில் ‘தெங்கா’ வந்தது. தெங்கா என்றால் புளிப்பு. மீனை லேசாகப் பொரித்து, மெல்லிய சாற்றில் கொதிக்கவிட்ட குழம்பு. மசாலா என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. அன்று அதற்குப் புளிப்புக் கொடுத்தது ‘ஔ தெங்கா’ என்ற காய். உள்ளங்கை நிறையும் பச்சைக் காய், முட்டைக்கோஸைப் போல இதழ் இதழாக மூடியிருக்கும். காட்டில் யானைகள் விரும்பித் தின்று அதன் விதையைப் பரப்புகின்றன. இன்னொரு நாள் தெக்கேரா என்ற காய்ந்த வில்லைகளைப் போட்டுச் செய்தார்கள். அதுதான் ஐந்தாவது கிண்ணம். இதுவும் கார்சீனியா! கொங்கணத்திலும் கேரளத்திலும் குடகிலும் பார்த்த பங்காளியின் இன்னொரு கிளை பிரம்மபுத்திரா கரையில். வேறு சில நாட்களில் ‘காஜி நேமு’ என்ற நீண்ட எலுமிச்சை. அதை 2024இல் அசாமின் மாநிலப் பழமாகவே அறிவித்துவிட்டார்கள்.

அசாமியர் காரத்தில் தொடங்கிப் புளிப்பில் முடிக்கிறார்கள். பக்கத்து வங்காளத்தில் கசப்பில் தொடங்கி, பருப்பு, மீன் எல்லாம் கடந்து, இனிப்புக்குச் சற்று முன்னால் புளிப்பும் இனிப்புமான சட்னி வருகிறது. நம் இலையில் பாருங்கள். சாம்பாரில் ஒரு புளிப்பு, ரசத்தில் அதைவிடத் தெளிந்த ஒரு புளிப்பு, கடைசியில் மோரில் வேறொரு புளிப்பு. மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே. பந்தியில் உட்கார்ந்து இத்தனை ஆண்டுகள் சாப்பிட்ட நான், ஜோர்ஹாட்டில் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்தபோதுதான் நம் இலையின் ஒழுங்கைக் கவனித்தேன்.

பிறகு ஜோத்பூர். ஔ தெங்காவும் கோக்கமும் மழையின் பிள்ளைகள். தார்ப் பாலைவனத்தில் என்ன கிடைக்கும்? ஆறாவது கிண்ணத்தில் கச்ரி இருக்கிறது. காட்டு வெள்ளரி வகை, சிறிய காய். பார்த்தவுடன் எனக்குக் கரிசல்காட்டு மிதுக்கங்காய் வற்றல் நினைவுக்கு வந்தது. காயவைத்துப் பொடித்துக் குழம்பில் போடுவார்கள். இறைச்சியை மெதுவாக்கவும் அதுதான். தண்ணீர் அரிதான வீடுகளில் மோரையே நீராக வைத்துக் கடலைமாவைக் கரைத்துக் கடி காய்ச்சுவார்கள். மாங்காயை வற்றலாக்கி இடித்த ஆம்சூர் இன்னொரு புளிப்பு.

அங்கே புகழ்பெற்ற ‘கேர் சாங்ரி’ என்ற கறியில் சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். அந்த மரம் வேறெதுவுமில்லை, நம் வன்னி மரம்! சில சிவன் கோயில்களில் தலமரமாக நிற்கிறதே, அதேதான். நாம் சுற்றிவந்து கும்பிடுகிறோம், அவர்கள் கும்பிட்டுச் சமைத்தும் உண்கிறார்கள். 1730இல் ஜோத்பூருக்கு அருகே கேஜ்ரலி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட அரசரின் ஆட்கள் வந்தபோது, அமிர்தா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு முதலில் உயிர் கொடுத்தார். அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் மக்கள், மொத்தம் 363 பேர் மாண்டார்கள். அந்தக் கிராமத்துக்குப் போய்வந்த அன்று இரவு எனக்குக் கேர் சாங்ரி பரிமாறினார்கள். கைகழுவிய பிறகும் நெடுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஆந்திரத்துக் கோங்குரா நம் புளிச்சகீரைதான். இங்கே அது பல கீரைகளில் ஒன்று, அங்கே அதுவே அடையாளம். தெலங்கானாவில் புளியங்கொழுந்தைப் பறித்து ஆட்டுக்கறியோடு சமைக்கிறார்கள். பஞ்சாபிலும் இமயமலை அடிவாரத்திலும் காட்டு மாதுளை முத்துகளை உலர்த்திப் பொடிக்கிறார்கள். கோவாவில் போர்த்துக்கீசியர் 1510இல் கால் ஊன்றியபோது திராட்சை மதுவிலும் பூண்டிலும் ஊறிய இறைச்சியை உண்டு பழகியிருந்தார்கள். இங்கே திராட்சை மது ஏது? தென்னங்கள்ளைப் புளிக்கவைத்த காடி அந்த இடத்துக்கு வந்தது, ‘விந்தாலு’ பிறந்தது. பெயரில் இருக்கும் ‘ஆலு’ போர்த்துக்கீசியப் பூண்டு. வடக்கே அதை உருளைக்கிழங்கு என்று எண்ணிக்கொண்டு கிழங்கையும் போட்டுவிடுகிறார்கள். 1947இல் சிந்துவை விட்டு வந்தவர்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்தார்கள், ஆனால் தயிர் சேர்க்காமல் புளியோ கோக்கமோ ஊற்றிச் செய்யும் தங்கள் கடியை இழக்கவில்லை.

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியிலும் சத்தீஸ்கரின் பஸ்தரிலும் ஆதிவாசி மக்கள் மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பை, நாம் முசுறு என்கிறோமே, அதை உப்பு, மிளகாய், இஞ்சி சேர்த்து அரைத்துத் துவையலாக உண்கிறார்கள். அந்தப் புளிப்பு ஃபார்மிக் அமிலம். மாமரம் ஏறி முசுறிடம் கடி வாங்கியவர்களின் தோலுக்கு அந்த அமிலம் தெரியும். மயூர்பஞ்சில் உள்ள சிமிலிபால் காட்டுப் பகுதியின் இந்தத் துவையலுக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்த அன்று என் கைப்பேசிக்கு எத்தனை முகச்சுளிப்புகள் வந்தன! காஞ்சிபுரம் பட்டுக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் கிடைத்த அதே குறியீடுதான் இது. பட்டுக்குக் கிடைத்தால் கைதட்டுகிறோம். எறும்புக்குக் கிடைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

மணிப்பூரிலும் நாகாலாந்திலும் அசாமிலும் மூங்கில் குருத்தைப் புளிக்கவைத்துச் சமைக்கிறார்கள். அதன் வாசம் பலமானது. 2007இல் தில்லிக் காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அக்குனி என்ற புளித்த சோயா போன்ற வாசமுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையில்லாமல் சமைக்க வேண்டும் என்று அதில் அறிவுரை சொன்னார்கள். தன் தாய் சமைத்த உணவின் மணத்தைத் தன் நாட்டின் தலைநகரிலேயே ஒளித்துவைக்க வேண்டிய பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

நமக்கு இது புரியாத வேதனை இல்லை. பணிக்காலத்தில் நம் மாநிலத்துப் பெருநகரம் ஒன்றில் வாடகை வீடு தேடியபோது, வீட்டுக்காரர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, ‘கருவாடு சமைப்பீர்களா?’ என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் படியிறங்கிவிட்டேன். புளிப்புக்குள்ளும் மேல், கீழ் பிரித்து வைத்திருக்கிறோம். எலுமிச்சை உயர்ந்தது, காடி தாழ்ந்தது. தயிர் தூய்மை, எறும்பு அருவருப்பு. பன்மையைப் போற்றுகிறேன் என்று சொல்கிறவர் தனக்குப் பிடித்த பத்துப் பண்டங்களைப் பாராட்டிவிட்டு எழுந்து போவதை நான் ஏற்கமாட்டேன். பக்கத்து வீட்டு அடுப்பின் வாசத்துக்கு மூக்கைப் பொத்தாமல் நிற்பதிலிருந்து அது தொடங்க வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது, அது சத்தமில்லாதது. ஓட்டல்களில் வெங்காயமும் தக்காளியும் அரைத்து வதக்கிய ஒரே சிவப்புக் கலவை தயாராக இருக்கிறது. அதில் பன்னீர் போட்டால் ஒரு பெயர், கோழி போட்டால் இன்னொரு பெயர். குவாகாத்தியிலும் கொச்சியிலும் ஓசூரிலும் அதே சுவை. தக்காளி நல்ல பழம், அதன்மேல் எனக்குப் பகை இல்லை. புளியைப் போல அதுவும் வந்த விருந்தாளி. மிளகாயும் உருளைக்கிழங்கும் வந்த அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு வந்தது. வங்காளியில் அதற்குப் பெயரே ‘பிலாத்தி பேகுன்’, சீமைக் கத்தரிக்காய். விருந்தாளி வந்ததில் குறையில்லை. ஆனால் அவர் வந்தபின் கோக்கமும் கச்ரியும் தெக்கேராவும் புளியங்கொழுந்தும் வீட்டைவிட்டே போய்விடக் கூடாது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் பல இடங்களில் 200ஐயும் தொட்டபோது, சமைக்கவே முடியாது என்பதுபோல ஊரே கலங்கியது. என் அம்மாவுக்கு அப்போது வயது 84. ‘புளி இருக்கும்போது என்ன?’ என்று கேட்டுவிட்டு, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைத்தார். தக்காளியே போடவில்லை என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

பழைய சமையல் முழுதாக எங்கே உயிரோடு இருக்கிறது என்று தேடினால், கடவுளின் பந்தியிலும் இறந்தவர்களின் பந்தியிலும் இருக்கிறது. புரி ஜகந்நாதர் கோயிலின் மடைப்பள்ளி மிகப் பெரியது. அங்கே இன்றும் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் நுழைவதில்லை. அதே கோயிலில் நம் பழைய சோற்றின் உடன்பிறப்பான ‘பகாள’ இறைவனுக்குப் படைக்கப்படுகிறது. இங்கே நம் ஊர்களிலும் திவசச் சமையலில் பல குடும்பங்கள் இங்கிலீஷ் காய்கறி சேர்ப்பதில்லை, மிளகாய்க்குப் பதில் மிளகுதான். ஐநூறு ஆண்டுகளுக்கு முந்திய அடுக்களை எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் மாணவர், அடுத்த திவசத்தன்று வீட்டுப் பெரியவர்களின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரலாம்.

கடைசியாக மரத்தைப் பற்றி. நீங்கள் இந்த நூலகத்துக்கு வந்த சாலையில், என் சிறுவயதில் இருபுறமும் புளியமரங்கள் கைகோத்து நின்றன. ஆண்டுதோறும் காய்ப்பை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் உலுக்க ஆள் வைப்பார். உதிர்ந்ததைப் பொறுக்கவும் தட்டவும் எங்கள் தெருப் பெண்கள் போவார்கள். என் பள்ளிச் சீருடை அந்தக் கூலியில் வாங்கியது. சாலை அகலப்படுத்தப்பட்டபோது மரங்கள் போயின. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மரம் போனபின் நட்டுவைத்தவை அரளியும் அழகுச்செடிகளும். ராஜஸ்தானில் சூரிய மின்நிலையங்களுக்காகக் கேஜ்ரி மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து அந்த ஊர் மக்கள் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு புளியமரம் சாயும்போது யார் வந்து நின்றோம்? புளியங்கன்று வளர்ந்து நல்ல காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று நடுகிறவர் தன் பிள்ளைகளின் குழம்புக்காக நடுகிறார். இந்த நூலகத்தின் பின்புறம் இடம் காலியாக இருப்பதைக் காலையில் பார்த்தேன். நூலகர் அவர்களிடம் கேட்டேன், சம்மதித்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கொல்லையில் முளைத்த இரண்டு கன்றுகள் வெளியே என் வண்டியில் இருக்கின்றன. மண்வெட்டி மட்டும் யாராவது கொண்டுவர வேண்டும்.

இப்போது கிண்ணங்களைப் பின்வரிசைவரை அனுப்புங்கள், பிள்ளைகளே. கோக்கத்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு சற்று நேரம் பொறுங்கள், சுவை மெல்லத்தான் இறங்கும். குடம்புளியை முதலில் முகர்ந்து பாருங்கள். கச்சம்புளியில் விரல்நுனி படும் அளவு போதும், கூடினால் பல் கூசும். தெக்கேராவைக் கடிக்காமல் சப்ப வேண்டும். நம் புளியிருக்கும் கிண்ணம் கடைசியாக வரட்டும். அது போன மாதம் அம்மா தட்டியது.